‘இப்போதைக்கு ஓடினால் போதும்’: கசியும் ஆயில் குழாயும் நம் பொறுப்பும்



கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் கார் மெக்கானிக் பட்டறைகளில் அன்றாடம் ஒலிக்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. ‘அண்ணாச்சி, இப்போதைக்கு ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க, மத்ததப் பெறகு பாத்துக்கிடலாம்’ என்பதே அது. இதைச் சொல்பவர் மெக்கானிக் அல்லர், வண்டியின் உரிமையாளர்.

இருக்கை உறை கிழிந்திருந்தாலோ, கதவுக் கண்ணாடி ஏற மறுத்தாலோ இந்தச் சொல்லால் பெருங்கேடு எதுவும் விளைந்துவிடாது. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் கொண்டு செல்லும் குழாய் கசியும்போது இதே சொல்லைச் சொல்வது, வண்டியை மட்டுமன்றி அதில் அமர்ந்திருக்கும் மனைவி மக்களையும் பணயம் வைப்பதாகும். கசியும் குழாயை அப்படியே விட்டுவிட்டு, குறைகின்ற ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓட்டுவது பழுதுபார்த்தல் ஆகாது என்பதையே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

பழைய வண்டி வைத்திருப்பது குறையன்று

நம் குடும்பங்களில் பழைய கார்களுக்குப் பஞ்சமில்லை. துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் செல்லும் ஆம்னி, திருமண வீடுகளுக்காக மேலப்பாளையத்திற்கும் கடையநல்லூருக்கும் காயல்பட்டினத்திற்கும் ஓடும் டீசல் வண்டி, வாப்பாவின் காலத்து அம்பாசிடர் என அவை பலவகை. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் அவ்வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் வண்டியை ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

‘இவ்வளவு தொல்லை எதற்கு? புதியது வாங்கிவிடலாமே’ என்பார் உண்டு. கையில் ரொக்கம் உள்ளவருக்கு அது எளிது. நடுத்தரக் குடும்பத்திற்குப் புதிய கார் என்பது பெரும்பாலும் வட்டிக்கடனோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. வட்டியை மார்க்கம் எத்துணைக் கடுமையாகத் தடுத்துள்ளது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் பேணப்படும் ஒரு பழைய கார், ஒரு குடும்பத்தை அந்தக் கடனின் வாசலுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஒரு குழாயைக் கவனிக்கத் தவறி எஞ்சினை இழந்தவர், பல வேளைகளில் அடுத்த மாதமே தவணைத் திட்டங்களை விசாரிக்கத் தொடங்குகிறார். ஆகவே இது வெறும் இரும்பைப் பற்றிய பேச்சன்று.

எண்ணெய் செல்லும் வழி

எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியைச் ‘சம்ப்’ என்கிறோம். அங்குள்ள ஆயிலை ஒரு பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, அழுத்தத்துடன் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. அப்படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. அழுத்தம் அற்றுப்போனால் படலம் அறுபடும்; உராய்வு மிகும்; சில நிமிடங்களிலேயே பேரிங் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கும்; அதன் பிறகும் ஓட்டினால் இறுகி நின்றுவிடும்.

இந்த எண்ணெய்ப் பாதையின் பெரும்பகுதி எஞ்சினின் வார்ப்புக்குள்ளேயே அமைந்துள்ளது. சில பகுதிகள் மட்டும் வெளியே குழாய்களாக ஓடுகின்றன. ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் அதற்குச் செல்லும் குழாய்கள், டீசல் வண்டிகளில் டர்போவுக்குச் செல்லும் குழாய், சில பழைய கார்களில் டாஷ்போர்டிலுள்ள அழுத்தமானிக்குச் செல்லும் மெல்லிய குழாய் ஆகியவை இவ்வகை. வெளியே இருப்பதால் அடிபடுவதும் துருப்பிடிப்பதும் அதிர்வில் வெடிப்பதும் இவற்றுக்கே நேர்கின்றன.

இங்கே நம்மில் பலரை ஏமாற்றும் இரண்டு எண்ணங்களைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, ‘வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் தேங்கவில்லை, எனவே கசிவு பெரிதில்லை’ என்னும் எண்ணம். அழுத்தக் குழாயில் எஞ்சின் ஓடும்போது மட்டுமே அழுத்தம் இருக்கிறது. வீட்டு வாசலில் ஒரு துளியும் சிந்தாத வண்டி, சாலையில் நூறு துளிகளைச் சிந்திக்கொண்டு ஓடக்கூடும்.

இரண்டாவது, ‘சிவப்பு விளக்கு எரியவில்லை; எனவே ஆயில் போதுமான அளவு இருக்கிறது’ என்னும் எண்ணம். அந்த எண்ணெய்க் குடுவை விளக்கு காட்டுவது பொதுவாக ஆயிலின் அளவையன்று, அழுத்தத்தையே. அழுத்தம் மிகவும் தாழ்ந்த பின்னரே அது எரியும். அளவை அறியக் குச்சியை உருவிப் பார்ப்பதைத் தவிர பழைய கார்களில் வேறு வழியில்லை. ஓடும் வண்டியில் அவ்விளக்கு எரிந்தால், ‘அடுத்த ஊர்வரை போய்விடலாம்’ என்று எண்ணலாகாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

ஒரு சிறு கணக்கையும் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது நொடிக்கு ஒரு துளி கசிவதாகக் கொள்வோம். மணிக்கு 3,600 துளிகள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 துளிகள் என்று வைத்தால், மணிக்கு 120 முதல் 180 மில்லிலிட்டர் வெளியேறும். கோவில்பட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சென்று திரும்ப நான்கு மணி நேரம் ஓட்டினால் அரை லிட்டர் அளவுக்குப் போய்விடும். சிறிய கார் ஒன்றின் எஞ்சின் கொள்வதே மூன்று லிட்டர் அளவுதான். அன்றியும் வெடிப்பு, முதல் நாள் இருந்த அளவிலேயே நின்றுவிடுவதில்லை. வேகமாக ஓடும்போது அழுத்தம் கூடி, வெடிப்பு விரிந்து, சொட்டியது பீய்ச்சத் தொடங்கும். அப்பொழுது சம்ப் காலியாகச் சில நிமிடங்கள் போதும்.

கரிசலின் பங்கு

கரிசல் மண் மழையில் ஊறிப் பருத்து, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது. அதன்மேல் போடப்பட்ட ஊர்ச்சாலைகளும் அதனோடு சேர்ந்தே மேலெழுந்து கீழிறங்குகின்றன. நான்குவழிச் சாலையை விட்டு இறங்கியவுடன் பள்ளமும் மேடும் தொடங்கிவிடும்; சக்கரம் வாரியடிக்கும் கற்கள் வண்டியின் அடிப்பகுதியைத் தாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டிக்கொள்ளும் சேறு, இரும்புக் குழாயின்மேல் கட்டியாகக் காய்ந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; உள்ளுக்குள் துரு அரிக்கும். கோடை வெப்பமும் எஞ்சின் சூடும் சேர்ந்து ரப்பர் குழாயை விறைக்கச் செய்யும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் எலி புகுந்து ரப்பரைக் கடித்துவைப்பதும் உண்டு.

எனவே நம் வட்டாரத்தில் மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பகுதியைக் கழுவி, குழாய்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது கட்டாயமான பழக்கமாக வேண்டும். கோவில்பட்டி மக்களுக்குக் குழாய்க் கசிவின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து நெடுந்தொலைவு குழாயில் வரும் நீரை நம்பி வாழும் நகரம் இது. வழியில் ஒரு குழாய் உடைந்தால் எத்தனை நாள் குடத்தோடு காத்திருக்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். எஞ்சினுக்கோ காத்திருக்கவும் நேரம் கிடையாது.

தற்காலிகக் கட்டுகள்

‘இப்போதைக்கு’ என்று நாம் வற்புறுத்தும்போது மெக்கானிக் என்ன செய்வார்? வெடிப்பின்மேல் எம்-சீல் அப்புவார். சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றுவார். உடைந்த இடத்தை அறுத்துவிட்டு, கையில் கிடைத்த தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகிக் கிளிப் மாட்டுவார். எண்ணெய் படிந்த பரப்பில் பசை பிடிக்காது. தண்ணீருக்கான ரப்பர், சூடான ஆயிலில் ஊறி உப்பி இளகிவிடும். நட்ட நடுச் சாலையிலிருந்து பட்டறைவரை மெதுவாக வந்து சேர இவை உதவலாம். குடும்பத்தோடு நெடும்பயணம் செல்ல இவை ஒருபோதும் தகா.

டர்போவுக்கோ புகைக்குழாய்க்கோ அருகில் கசிவு இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நன்கு சூடேறிய இரும்பின்மேல் சிந்தும் ஆயில் முதலில் புகையும்; பின்னர் தீப்பற்றவும் கூடும். வண்டிக்குள் எண்ணெய் கருகும் நெடி வந்தால் அதை ஓர் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

ஒரு சிறு குழாய் என்ன செய்துவிடும் என்று எண்ணுவோருக்கு, உலகம் அறிந்த ஒரு நிகழ்வை நினைவூட்டுகிறோம். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தனர். புறப்பட்ட சில நிமிடங்களில் அதன் நான்கு எஞ்சின்களில் ஒன்று வெடித்துச் சிதறியது. விமானம் சிங்கப்பூருக்கே திரும்பி இறங்கியது. உள்ளே இருந்தவர்களில் எவருக்கும் காயமில்லை. ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு விரிவாக ஆராய்ந்து கண்ட காரணம் என்ன தெரியுமா? எஞ்சினுக்குள் இருந்த ஒரு சிறிய ஆயில் குழாய். தயாரிப்பின்போது அதன் உட்புறம் மையம் விலகிக் கடையப்பட்டதால், ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிருந்தது. பறக்கப் பறக்க அந்த மெலிந்த இடத்தில் வெடிப்பு உண்டாகி, ஆயில் கசிந்து தீப்பற்றி, சுழலும் தகடு உடைந்து சிதறியது. உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானத்துக்கே அந்நிலை என்றால், நம் வீட்டு வண்டியின் குழாயை அற்பமாக எண்ணுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

முறையான பழுதுபார்ப்பு எது?

நாம் மெக்கானிக்குகளாக வேண்டியதில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

முதலில், கசியும் இடத்தைச் சரியாகக் கண்டறிதல். ஓடும் வண்டியின் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுவதால், நனைந்த இடமெல்லாம் கசிந்த இடம் ஆகாது. எஞ்சின் ஆறியபின் டீசலால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு விளக்கொளியில் பார்த்தால் முதல் துளி எங்கே அரும்புகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, வெடித்த குழாயை மாற்றுதல். அந்த வண்டிக்குரிய புதிய குழாய் கிடைத்தால் அதுவே சிறந்தது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்குக் கிடைக்கவில்லை என்றால், டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் அடித்துத் தரும் கடைகளில், ஆயிலையும் அதன் சூட்டையும் தாங்கும் ஹோஸில் அதே நீளத்துக்கு, இருபுறமும் முனைகளை அழுத்திப் பொருத்தித் தரச் சொல்லலாம். பழைய குழாயை மாதிரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாவது, செப்பு வாஷர்கள். குழாயைக் கழற்றிவிட்டால் வாஷரும் புதிதாகப் போடப்பட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மீண்டும் அதே இறுக்கத்தைத் தராது. ‘இன்னும் கொஞ்சம் முடுக்கினால் நின்றுவிடும்’ என்று மிகையாக முடுக்கினால் மரை அறுந்து செலவு பன்மடங்காகும். நட்டை முடுக்கும்போது எதிர்முனையை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளாவிட்டால், குழாயே முறுக்கிக்கொண்டு புதிய வெடிப்புக்கு வித்திடும்.

நான்காவது, பிடிப்பான்கள். குழாயை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சிறு தகடுகள் பழைய வண்டிகளில் பெரும்பாலும் காணாமற்போயிருக்கும். பிடிப்பில்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்து அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும். அவற்றைத் திரும்பப் பொருத்தும்படி வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

இறுதியாக, வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட தரத்து ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்பி, எஞ்சினை இயக்கியதும் சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் ஓடவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை பார்த்தால் வேலை முடிந்தது.

‘கையில் காசில்லையே’ என்போருக்கு

இந்த வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. மழையையும் தீப்பெட்டி ஆலையையும் சந்தை வியாபாரத்தையும் நம்பியிருக்கும் நிலம் இது. மாதக் கடைசியில் பள்ளிக் கட்டணமும் வண்டிச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும்போது எதைத் தள்ளிப்போடுவது என்ற கேள்வி உண்மையானது.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். குழாய், வாஷர், கூலி ஆகியவற்றின் செலவு எஞ்சினைப் பிரித்து கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து பேரிங் மாற்றும் செலவுக்கு முன் ஒரு சிறு பங்கே. அச்செலவுக்கும் வழியில்லாத நாளில் செய்யத்தக்கது, வண்டியை நிறுத்திவைத்துப் பேருந்தில் செல்வதுதான். டயர் தேய்ந்த வண்டியில் பாட்டுப்பெட்டி மாட்டுவோரும், ஆயில் கசியும் வண்டிக்குப் பெருநாளுக்காகப் பாலிஷ் போடுவோரும் நம் தெருக்களில் இல்லாமலில்லை. எதற்கு முதலிடம் என்பதே இங்குக் கேள்வி.

‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று கூறிச் சாவியைத் திருகுவோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு நம்பிக்கை வைக்கவா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிய பின்னரே நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கசியும் குழாயோடு நான்குவழிச் சாலையில் ஏறுவது தவக்குல் அன்று.

மெக்கானிக்கின் கூலியையும் இங்கே பேசியாக வேண்டும். வேலையைச் சரியாகச் செய்யச் சொல்லிவிட்டு, கூலியை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று இழுத்தடித்தால், அடுத்த முறை அவர் நமக்குப் புதிய வாஷர் போடமாட்டார். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி தரப்பட வேண்டும் என்னும் நபிமொழி, கிரீஸ் படிந்த கைகளுக்கும் உரியதே.

விற்கும்போது

கசிவுள்ள வண்டியைப் பழுதுபார்க்க விரும்பாதவர் அடுத்துச் செய்ய எண்ணுவது அதை விற்பது. விற்பதில் தவறில்லை. ஆனால் வாங்குபவர் வரும் காலையில் எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கி, குறைந்த ஆயிலை நிரப்பி, கசிவின் தடமே தெரியாமல் காட்டுவது மோசடி. மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்று வியாபாரியைக் கண்டித்ததும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளன. கழுவித் துடைத்த எஞ்சினுக்கும் மேற்புறம் காய்ந்த அந்தத் தானியத்துக்கும் என்ன வேறுபாடு?

‘இந்த இடத்தில் குழாய் கசிகிறது, மாற்ற வேண்டியிருக்கும்’ என்று சொல்லி, அதற்குரிய தொகையை விலையில் குறைத்துக்கொள்வதால் சில ஆயிரம் குறையலாம். குறையை வெளிப்படுத்தி நடக்கும் வணிகத்தில்தான் பரக்கத் உண்டு என்பது நம் நம்பிக்கை.

மண்ணில் ஊற்றும் எண்ணெய்

கழற்றிய ஆயிலையும் கழுவிய டீசலையும் பட்டறை ஓரத்திலோ ஓடையிலோ ஊற்றிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஓடையில் ஊற்றியது அடுத்த மழையில் ஊருணிக்கும் கண்மாய்க்கும்தான் போய்ச் சேரும். பயன்படுத்திய ஆயிலை, 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் அபாயகரமான கழிவாக வகைப்படுத்தியுள்ளன. அதை மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கும் பட்டறைக்குக் கொடுத்துவிட வேண்டும். மழையை நம்பியிருக்கும் ஊரில் கண்மாய் நீரைக் கெடுப்பது, ஊரார் அனைவரின் உரிமையையும் பறிப்பதாகும்.

நாம் செய்ய வேண்டியது

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், குளிர்ந்த எஞ்சினில் குச்சியை உருவி ஆயில் அளவைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கலாம். வண்டி ஓட்டும் பெண்களும் அறிந்திருக்க வேண்டும். அளவு குறைந்தால் ஊற்றுவதோடு நில்லாமல், ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது ‘இப்போதைக்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘அண்ணாச்சி, முறையாப் பாத்துக் குடுங்க; எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே சொல்லிருங்க’ என்று கேட்போம். நேர்மையான மெக்கானிக்குகள் எதிர்பார்ப்பதும் இந்தச் சொல்லைத்தான்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களையும் பொருள்களையும் பொறுப்போடு பேணி, பயணங்களில் நலமாகச் சென்று நலமாகத் திரும்ப வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.